முதலிடம்: தெரியாது

நுரையீரலில் ஐந்து, முள்ளந்தண்டில் ஒன்று.
தெல்லிப்பளை ஆசுப்பத்திரிக் கொப்பியில்
"முதலிடம்: தெரியாது."

நான் விதானையாய் இருந்தவன்.
தொண்ணூறாம் ஆண்டு பள்ளிக்கூட வாங்கில் இருந்து
அட்டை இல்லாமல் வந்த சனத்தைப் பதிந்தேன்.
வாய் திறந்தால் போதும்,
இது மயிலிட்டி, இது வறுத்தலைவிளான்.
அரிசிக்காக ஊரை மாற்றிச் சொன்னவனும்
இரண்டாம் வசனத்தில் பிடிபட்டான்.
பிடித்தபிறகு அரிசியும் கொடுத்தேன்.

என் சதைத்துண்டு கொழும்புக்குப் போய்
கடலும் தாண்டியது. காசு மருமகன் கட்டினார்.
ஆறு கிழமை.

"மரபணுவை எழுத்தெழுத்தாய் வாசிச்சிருக்கினம், ஐயா.
சிறுநீரகத்தில இருந்து வெளிக்கிட்டது."
டொக்டர் அபிதாரணி சொன்னது அவ்வளவுதான்.
எவ்வளவு தூரம் போனாலும் பேச்சு மாறாதாக்கும்.

பிறகு ஸ்கானை வெளிச்சத்துக்குப் பிடித்தா.
இரண்டு சிறுநீரகமும் துப்புரவு.
தொடங்கின இடத்தில் ஒன்றுமேயில்லை.

அவவுக்குப் புதினம்.
வேலி திறந்த அன்று மயிலிட்டியில்
உறுதிக் கட்டோடு நின்ற வல்லிபுரத்தாரோடு
நானும் நின்றேன்.
கிணற்றுக் கட்டைக்கூடக் காணவில்லை.
உறுதி பொய்யில்லை.

நாளையிலிருந்து வேறு குளிசை.
கொப்பியில் "தெரியாது"வை வெட்டி
என் பேனையால் எழுதத் தொடங்க
நேர்ஸ் பிள்ளை பறித்தாள்:
"ஐயா, இதில நீங்கள் எழுதப்படாது."

"சி" மட்டும் விழுந்திருந்தது.