கொள்முதல் பதிவேடு

முதல் வருடம் நான் எழுதியது:
பாதுகாப்புக் கண்ணாடி, ஏழு.
சுத்தியல் மூன்று. ரம்பம் ஒன்று.
உப்புத்தாள் இரண்டு டஜன்.
"உப்பா, எதுக்கு?" என்றார் கணக்குப் பார்க்கும் குரியன்.
விளக்கி முடிப்பதற்குள் ஒரு டீ ஆறிவிட்டது.

சோஹார், துறைமுகத்துக்குப் போகும் சாலையில் எங்கள் பள்ளி.
உடைந்த நாற்காலிகளை அடைத்து வைத்திருந்த அறையில்தான்
வகுப்பு தொடங்கியது.
சொல்லித்தர ஆள் தேடவில்லை.
பௌதிகம் எடுக்கும் வசுமதி டீச்சருக்கு
வாரத்தில் இரண்டு பீரியட் சும்மா இருந்தது, அவ்வளவுதான்.
முதல் நாளே ஆணிக்குப் பதில்
தன் கட்டைவிரலை அடித்துக்கொண்டார்.
ஏழு பேரும் அன்றைக்குத்தான்
அவரை நம்பத் தொடங்கினார்கள்.

இரண்டாம் வருடம் இருபத்து நான்கு.
மூன்றாம் வருடம் எண்ணை எழுதிவிட்டு
கை தவறி எழுதிவிட்டேனோ என்று திரும்பிப் பார்த்தேன்.
பஸ் நிற்கும் கொட்டகையில் பாதியைத் தடுத்தோம்.
தகரக் கூரை.
ஜூன் மாதம் அங்கே இரும்பைச் சுட வைக்க
தனியாகத் தீ வேண்டாம்.
ஏசி கேட்டு எழுதினேன்;
ஃபேன் வந்தது, ஒரு இறக்கை வளைந்து.
அதை நிமிர்த்தியதுதான் அந்த வருடத்தின் முதல் பாடம்.

பெற்றோர் கூட்டத்தில்
உருக்காலை வெல்டர் அருள்ராயன் எழுந்தார்,
டியூட்டி உடுப்போடு.
"பதினெட்டு வருஷமா நான் பொகை குடிச்சது
எம் பொண்ணும் குடிக்கவா?"
யாரும் வாய் திறக்கவில்லை.
பின்வரிசையில் ஒரு நாற்காலி மட்டும் முனகியது.

ஐடா ஜெபக்கனி பதில் சொல்லவில்லை.
போய் ஒரு இரும்பு ஸ்டூலைத் தூக்கி வந்து
அப்பா முன் வைத்தாள்.
அவர் உட்காரவில்லை. கவிழ்த்தார்.
ஒட்டிய இடங்களில் நகத்தை ஓட்டினார்.
மூன்று கால்வரை ஓடிய நகம்
நான்காவதில் நின்றது.
"கை பதறுச்சா?"
"மணி அடிச்சிட்டாங்கப்பா."
"மணிக்கும் வெல்டுக்கும் என்னடி சம்பந்தம்?"
பக்கத்திலிருந்தவர் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.

சம்மதித்தாரா என்று இன்றுவரை தெரியாது.
மறுவாரம் என் மேசையில் ஒரு துண்டுத்தாள்:
'முகமூடிக் கண்ணாடி மங்கல் போதாது.
பதினோராம் நம்பர் வாங்கவும்.'
கையெழுத்து இல்லை.
மூலையில் ஒரு கரிய பெருவிரல்.

இந்த வருடம் எழுதுகிறேன்:
கண்ணாடி, நூற்று முப்பது.
நாற்காலி என்ற கட்டத்தில்
முதன்முறையாக ஒரு கோடு.
"ஏன் கோடு?" என்றார் குரியன்.
அவர் உட்கார்ந்திருந்ததைக் காட்டினேன்.
சற்றே ஆடும்;
ஒரு காலுக்கடியில் பழைய பில் மடித்து வைத்திருக்கிறேன்.

கையுறை, சிறிய அளவு, எழுபது ஜோடி.
அதுதான் இன்னும் வரவில்லை.
"இவ்வளவு சின்னக் கைக்கு
இந்த ஊரில் யாரும் கேட்டதில்லையே" என்கிறான் சப்ளையர்.
ஐந்து நாளாகக்
கேட்டுக்கொண்டிருக்கிறேன்.