கிளை

ஐந்து நாளுக்கு முன் இவரை நான்தான் அனுப்பிவைத்தேன்,
"உப்புத் தண்ணீர் பட்டிருக்கும்" என்று,
ஒரு குப்பி ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்தோடு.
அவருக்கு ஃபெர்ரிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.
சாயம் விட்டுப் பார்க்கவில்லை.
ஏட்டில் என் கையெழுத்தே இருக்கிறது:
இடது கண் சிவப்பு. வலது கண் இயல்பு.
ஒற்றைக் கண் என்று எழுதத் தெரிந்த கைக்கு
ஏன் ஒற்றைக் கண் என்று கேட்கத் தெரியவில்லை.

இன்று திரும்பி வந்திருக்கிறார் கிப்பி ஹால்க்ரோ.
யெல் தீவில் சிப்பி வளர்ப்பவர்.
ஷெட்லாந்தில், மார்ச் மாதத்தில்,
வெளிச்சத்துக்கு அஞ்சிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த
ஒரே மனிதர்.

"வலிக்கிறதா?"
"முதலில் குத்தியது. இப்போது பரவாயில்லை."
அந்தப் பரவாயில்லைதான் எனக்கு உறைத்தது.

பஞ்சை முறுக்கி ஓர் இழை எடுத்தேன்.
வலது கருவிழியில் அது பட்டும் படாமலும்
தலை பின்னால் போனது, இமை அடித்துக்கொண்டது,
வாயில் ஒரு வசவு வந்தது, பின்னாலேயே மன்னிப்பும்.
இடது கண்.
தொட்டேன்.
திறந்தே இருந்தது.
இன்னொரு முறை, நடுவில்.
இமைக்காதவர்கள் தேவர்களாம்.
எதிரே இருந்தவருக்கு வயது அறுபத்தொன்று,
மூக்கில் சளி,
உதட்டோரம் காய்ந்த கொப்புளத்தின் பொருக்கு.
அதையும் அன்றே பார்த்தேன்.
குளிரில் வெடித்தது என்று நினைத்தேன்.

ஆரஞ்சுத் தாளின் நுனியை நனைத்து
கீழிமையின் உள்ளே ஒற்றி
"ஒரு தரம் மூடித் திறங்கள்" என்றேன்.
அறை விளக்கை அணைத்தேன்.
நீல ஒளியைத் திருப்பினேன்.

மரம்.

பச்சையாய், இலையற்று,
தண்டிலிருந்து கிளை, கிளையிலிருந்து கொம்பு,
ஒவ்வொரு கொம்பின் முனையிலும் மொட்டுப்போல் ஒரு குமிழ்.
எவ்வளவு அழகு என்று முதலில் தோன்றியதை
யாரிடமும் சொல்லப்போவதில்லை.

அபர்டீனுக்குப் போன் போட்டேன்.
மூடுபனி; விமானம் கிடையாது. படத்தை அனுப்பினேன்.
"ஹெர்பிஸ்தான். நீங்களே தொடங்கிவிடுங்கள்.
ஸ்டீராய்டு எதுவும் விடவில்லையே?"
கிப்பி சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து
மேசைமேல் வைத்தார்.
வில்மாவுக்குப் புரை எடுத்தபோது கொடுத்ததாம்.
மிச்சமாம்.
இன்றிரவு விட்டுப் பார்க்கலாம் என்றிருந்தாராம்.

மரத்தைக் காடாக்கியிருக்கும் அந்தச் சொட்டு.
வாங்கி இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.
பிறகு சொன்னேன்:
"அன்றே சாயம் விட்டுப் பார்த்திருக்க வேண்டும்.
நான் தவறவிட்டேன்."
அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.
"திரையில் காட்டு" என்றார்.
வலது கண்ணால் தன் இடது கண்ணை
வெகுநேரம் பார்த்தார்.
"எங்கள் தீவில்
ஆடு தின்னாமல் விட்டுவைத்த மரம் இது ஒன்றுதான்."

களிம்பு, நாளைக்கு ஐந்து வேளை.
மூன்றாம் நாள் கொம்புகள் உதிர்ந்திருந்தன.
பதினோராம் நாள் தண்டும் இல்லை;
சாயம் எங்குமே பிடிக்கவில்லை.
ஆனால் மரம் நின்ற இடத்தில்
மூச்சுப் பட்ட கண்ணாடிபோல் ஒரு மங்கல்.
எழுத்துப் பலகையின் கடைசி இரண்டு வரிகள்
இடது கண்ணுக்கு இன்னும் வரவில்லை.
வராமலே போகலாம்.
ஐந்து நாள் அது.

"திரும்ப வருமா?"
வரலாம் என்றேன்.
வேரைப் பிடுங்க எங்களிடம் மருந்தில்லை.
நரம்பின் அடியில் படுத்துக் கிடக்கும்.
ஒரு காய்ச்சல் போதும், நாலு நாள் களைப்பு போதும்.
தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார்.
"அடுப்புக்குச் சதுப்பு மண் வெட்டும்போது
சிலநேரம் மண்வெட்டி எதிலோ முட்டும்.
பிர்ச் மர வேர். பட்டைகூட வெள்ளையாய் அப்படியே.
எங்கள் தாத்தனுக்குத் தாத்தனும் கண்டதில்லை,
ஆனால் காடு இருந்திருக்கிறது அங்கே."
சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அடுத்தது வால்சே தீவிலிருந்து ஒரு சிறுமி.
இரண்டு கண்ணும் சிவப்பு, இமையெல்லாம் பீளை.
வகுப்பில் பாதிப் பேருக்கு இப்படித்தானாம்.
பார்த்தவுடனே தெரிந்துவிட்டது என்ன என்று.
ஆரஞ்சுத் தாளின் உறையைக் கிழித்தேன்.
"ஃபெர்ரிக்கு நேரமாகிறது" என்றாள் தாய்.
தெரியும் என்றேன்.
விளக்கை அணைத்தேன்.