வெள்ளிக்கு இரண்டு விடியல்

பகல் பன்னிரண்டுக்கு அழைப்பு வந்தது.
எர்சீலியா அப்போது கறவைக் கொட்டகையில்
குழாய்களுக்கு வெந்நீர் அடித்துக்கொண்டிருந்தாள்.
"வெள்ளி மாலை ஆறுக்குள் நீ வந்து கையெழுத்துப் போடாவிட்டால்
பத்திரம் அண்ணன் பக்கம்.
ரொட்டிக்கடை, அடுப்பு, எல்லாமே."
நெலீதா சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள்.
அங்கே சிலியில் அவளுக்கு வியாழன் இரவு எட்டு.
இங்கே, மாரின்ஸ்வில்லில்,
வெள்ளி பாதி தீர்ந்துவிட்டது.

தங்கையின் குரல் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.
தங்கைதான்
ஒன்பதாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டருக்கு அப்பால்.

பால் கணக்கு எழுதும் பலகையில்
ஹென்ட்ரிகா கணக்குப் போட்டாள்.
ஆறு மணிக்குப் புறப்பாடு. பதினொரு மணி நேரம் வானத்தில்.
அதிலிருந்து பதினாறைக் கழி.
"பகல் ஒரு மணிக்கு இறங்குவாய்."
"நாளைக்கா?"
"இல்லை. இன்றைக்கு."
எர்சீலியா சுண்ணக்கட்டியைப் பிடுங்கி
தானே மறுபடி கழித்துப் பார்த்தாள்.
மீதிச் சில்லறை கூடுதலாக வந்துவிட்டால்
கடை வாசலிலேயே நின்று எண்ணுவோமே, அப்படி.

ஆக்லாந்தில் இருட்டியபின் ஏறினாள்.
முன்னிருக்கைத் திரையில் ஒரு குட்டி விமானம்.
கிழக்கே நேராகப் போக வேண்டியது
ஈரத்துணி கனத்த கொடிக்கயிறாய்த்
தெற்கே தொங்கி வளைந்து போயிற்று.
பக்கத்து இருக்கைப் பையன்
ஆரஞ்சுப் பழத்தில் நகத்தால் கீறிக் காட்டினான்:
உருண்டையில் குறுக்குவழி இப்படித்தானாம்.

கீழே தண்ணீர்.
மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தாள். தண்ணீர்.
எங்கோ ஓரிடத்தில்
ஒரு குலுக்கல்கூட இல்லாமல் தேதி பின்னால் விழுந்தது.
வெள்ளியன்று ஏறியவள்
கோழிக்கறியை வியாழக்கிழமையில் சாப்பிட்டாள்.
பிறகு சன்னலோரம் வெளுத்தது.
நாலு மணிக்கு எழுந்து கறந்து முடித்த அதே வெள்ளி
மறுபடி விடிந்தது.
அதே சூரியன்,
வெட்கமே இல்லாமல்.

சாந்தியாகோ, ஒன்று ஐந்து.
வரிசை. முத்திரை. தெமூகோவுக்கு இன்னொரு விமானம், சின்னது.
அங்கே மழை. டாக்சியில்
துடைப்பான் ஒரு பக்கம்தான் வேலை செய்தது.

நோட்டரி அலுவலகத்தில் அன்செல்மோ
சுவர்க் கடிகாரத்துக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.
கடிகாரம் அவன் ஆள்.
ஐந்து நாற்பது.
கதவு திறந்தது.

அவள் கையில் இன்னும் மடிக் களிம்பின் வாடை.
'விற்கச் சம்மதமில்லை' என்ற வரிக்குக் கீழே
முழுப் பெயரையும் எழுதினாள்,
அம்மா வழிப் பெயரையும் விடாமல்.
நோட்டரி மூக்குக்கண்ணாடியை இறக்கிக் கேட்டார்:
"அவ்வளவு தூரத்திலிருந்தா? எப்போது கிளம்பினீர்கள்?"
"இன்றைக்குச் சாயங்காலம், ஆறு மணிக்கு."
யாரும் சிரிக்கவில்லை.
அன்செல்மோ மட்டும்
கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தான்.

கொடுத்ததையெல்லாம் திரும்பும்போது
வட்டியோடு வாங்கிக்கொண்டது வானம்.
சனி நள்ளிரவுக்குச் சற்று முன் ஏறினாள்,
திங்கள் விடியுமுன் இறங்கினாள்.
ஞாயிறு எந்தச் சன்னலிலும் தெரியவில்லை.

கொட்டகையில் கையுறை மாட்டிக்கொண்டே கேட்டாள்:
"ஞாயிற்றுக்கிழமை நானூறு மாட்டையும் யார் கறந்தது?"
"நான்தான்" என்றாள் ஹென்ட்ரிகா,
வாளியைக் கவிழ்த்தபடி.
"எனக்கு ஞாயிறு வந்ததே."