பதினோராவது நிமிடம்

பெயரில்தான் யானை.
தந்தமில்லை, விசிறிக் காதில்லை.
தும்பிக்கை என்கிறார்கள்,
அதில் கை இல்லை.
எதையும் எடுக்காது, யாரையும் ஆசீர்வதிக்காது.
கோபம் வந்தால் காற்றடைத்துப் புடைக்கும்,
பழைய டீசல் மோட்டார் கிளம்ப மறுப்பதுபோல்
ஓர் ஒலி.

படகோனியாவின் இந்தக் கூழாங்கல் கரையில்
ஐலென் பியூ அளவெடுக்கிறாள்.
டேப்பின் மறுமுனை எவுசேபியோவிடம்.
நான் எழுதுகிறேன், விரல் விறைக்க.
மூக்கிலிருந்து வால்வரை நாலு மீட்டர் எண்பது.
இடுப்பு எங்கே தொடங்குகிறது என்று
கேட்கிறான் எவுசேபியோ.
தராசில் ஏறச் சொன்னால் ஏறுமா?
மூன்று டன், கண்மதிப்பு.

கழுத்தில் தழும்பின்மேல் தழும்பு,
பற்கள் உழுது உப்புநீர் பாய்ச்சிய தோல்.
பின்துடுப்புகள் கும்பிட்ட கைகள்மாதிரி
சேர்ந்து கிடக்கின்றன.
முன்துடுப்பில் ஐந்து நகம்.
சற்றுமுன் மணலை வாரி முதுகில் இறைத்துக்கொண்டது,
அந்த ஒன்றில் மட்டும்
நிஜ யானை.

கண்ணைப் பார், என்றாள் ஐலென்.
ஆயிரம் மீட்டருக்குக் கீழே
வெயில் என்ற சொல்லே இறங்காத இடத்துக்கான கண்.
இங்கே பட்டப்பகலில் அது வழிகிறது.
துக்கமில்லை.
மணலைக் கழுவுகிறது, அவ்வளவுதான்.

பிறகுதான் கவனித்தோம்.
நாசி மூடியிருந்தது.
விலா அசையவில்லை.

போன வருஷம் காய்ச்சல் வந்தபோது
இதே கரையில் குட்டிகளை எண்ணினோம்,
கறுப்பு ரோமம் உதிர்வதற்குள் போனவற்றை.
ஒரே கட்டம் நிரம்பி நிரம்பி
நோட்டின் பின்னட்டையிலும் எழுதினேன்.
இந்த அக்டோபரில்
பெண்கள் நெருக்கியடித்துக் கிடக்கவேண்டிய இடத்தில்
வெறும் கூழாங்கல்.
யாரும் பேசவில்லை.
ஐலென் மணிக்கட்டைத் திருப்பி
கடிகாரத்தைப் பார்த்தாள்.

மூன்று. ஐந்து.
எவுசேபியோ தொப்பியைக் கழற்றினான்,
காற்றுக்காக என்றான்.
எட்டு.
இதற்கு ரத்தம் அதிகம்,
ஐலென் தனக்கே சொல்வதுபோல் சொன்னாள்,
மூச்சை நெஞ்சில் வைத்துக்கொள்ளாது,
ரத்தத்தில் வைக்கும், சதையில் வைக்கும்,
தரையில் தூங்கினாலும்
ஆழத்தில் இருப்பதாகவே நம்பும் உடம்பு.
பத்து.

பதினொன்றில்
மூக்கு திறந்தது.
ஈர நாயும் பழைய வலையும் கலந்த வெந்நீர்க் காற்று
மூன்று முகத்திலும் அறைந்தது.

எவுசேபியோ ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்,
பிரார்த்தனைக்குரிய குரலில்.
நான்
மூக்கு நீளம் என்ற கட்டத்தில்
பதினொன்று என்று எழுதியிருந்தேன்.
ஐலென் பார்த்தாள்.
அடிக்கச் சொல்லவில்லை.