ஆறு நொடி

காலை எட்டு மணிக்கு
மூன்று லிட்டர் சிரிஞ்சால் இதற்குச் சுருதி சேர்ப்பேன்.
இழு, தள்ளு. இழு, தள்ளு.
மூன்றை மூன்று என்று இயந்திரம் ஒத்துக்கொண்டால்
அன்றைய கச்சேரி ஆரம்பம்.

மெஹ்ரௌலி சாலை, நெஞ்சக மருத்துவமனை, அறை எண் பதினொன்று.
சன்னலுக்கு வெளியே நவம்பர்,
டீ வடிகட்டுகிற துணியின் நிறத்தில்.

மூக்கில் கிளிப், வாயில் அட்டைக்குழல்.
நிரப்பு. இன்னும் நிரப்பு. ஊது.
"ஔர், ஔர், ஔர், ஔர்!"
கத்துவது நான்தான்.
தில்லிக்கு வந்து பதினாறு வருஷம்.
என் இந்தியில் பிழையே இல்லாத சொல் அது ஒன்று.

ஒலி எழுப்பாத துளைக்கருவி இது.
வாசித்தவர் களைத்த பிறகு
திரையில் ஒரு கோடு மட்டும் போடும்:
விருட்டென்று ஏறும், மடங்கும், சரியும்.
தந்தூர் அடுப்புக்காரர், ஆட்டோக்காரர்,
சிமெண்ட் மூட்டை இறக்குகிறவர்,
சீருடையோடு வரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை.
எல்லாரும் இந்த ஊரின் காற்றைத்தான் வாசிக்கிறார்கள்.
சரிவுதான் ஆளுக்கு ஆள் வேறு.

அன்று டோக்கன் முப்பத்தேழு.
இக்ரார் அகமது, வயது நாற்பத்தொன்பது, ஷாதரா.
தொழில் என்ற கட்டத்தில்: யூஃபோனியம், கல்யாண பேண்ட்.
அட்டைக்குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இதில் என்ன ஸ்வரம் வரும்?"
ஒன்றும் வராது என்றேன்.
"பிறகு எதற்கு ஊதுவது?"

ஊதினார்.
கன்னம் உப்பவில்லை. தோள் ஏறவில்லை.
ஆறு நொடி போதும்,
பதினாலு நொடி விட்டார்,
மாசக் கடைசிக் காசை எண்ணி எண்ணிக் கொடுப்பது போல.
ஔர் சொல்ல மறந்துபோனேன்.

அப்படி இல்லை, ஒரே அடியாக வெடிக்க வேண்டும்,
உள்ளே மிச்சம் வைக்கக் கூடாது என்றேன்.
"மிச்சம் வைத்துத்தானே பிழைப்பு, மேடம்.
ஊர்வலம் எந்தத் தெருவில் நின்று ஆடும் என்று
யாருக்குத் தெரியும்?"

இரண்டாம் முறை இருமல்.
மூன்றாம் முறையை இயந்திரம் ஏற்றுக்கொண்டது.
ஐம்பத்தாறு சதவீதம்.
"பாஸ்தான்" என்று சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை என்று பார்த்துக்
காகிதத்தை நாலாக மடித்தார்.

கதவுவரை போய்த் திரும்பி வந்தார்.
பதினெட்டுப் பேர் கொண்ட பேண்ட்.
அதில் ஊதுகிறவர்கள் ஏழு பேர்.
மீதி எல்லாம் பிடிக்கிறவர்கள்:
சிவப்புக் கோட்டு, துடைத்த பித்தளை, மூடிய உதடு.
ஊதினால் ராத்திரிக்கு எழுநூறு,
பிடித்தால் முந்நூற்றைம்பது.
முதலாளி ஆள் விட்டு விசாரிப்பார்.
இந்த நம்பர் தெரிந்தால்
என்னைப் பிடிக்க வைத்துவிடுவார்.

அவர் கேட்டுக்கொண்ட இந்திச் சொற்கள் நினைவில்லை.
எனக்குள் அது தமிழாகத்தான் விழுந்தது:
மூச்சு விடாதீர்கள்.

நாள் முழுக்க விடு, விடு என்று
கத்துகிறவளிடம்.

அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

டிசம்பரில் ஒரு ராத்திரி முனிர்க்கா முனையில்
என் ஆட்டோ மாட்டிக்கொண்டது.
குதிரை, மாப்பிள்ளை, ரூபாய் மாலை,
தலையில் விளக்குச் சுமந்த பெண்கள்,
பின்னால் ஜெனரேட்டர் வண்டி,
அதன் புகை நேராகப் பித்தளை வரிசையின் பிடரியில்.
மூன்றாவது ஆள் அவர்தானா?
தொப்பி கண்வரை இறங்கியிருந்தது.
கன்னத்தைப் பார்த்துப் பயனில்லை,
அவருக்கு உப்பாது.
ஒலியைப் பிரித்துக் கேட்கவும் முடியவில்லை,
டிரம்ஸ் எல்லாவற்றையும் மென்று தின்றது.

பாட்டு நின்றது.
யாரோ மாப்பிள்ளையின் மாமாவைக் குதிரையிடமிருந்து இழுத்தார்கள்.
அந்த இடைவெளியில் அவர்
யூஃபோனியத்தைச் சாய்த்து,
அடிக்குழாயில் ஒரு சின்ன நெம்புகோலை அழுத்தினார்.
சாலையில் தண்ணீர் சொட்டியது.

இருபுறமும் நின்றவர்கள்
பளபளப்பாக, உலர்ந்து, நின்றார்கள்.
ஊதாத குழாயில் தண்ணீர் ஏது?

நாலு சொட்டு.
ஐந்தாவது விழுமா என்று எட்டிப் பார்ப்பதற்குள்
பின்னால் இருந்த டெம்போ
ஹாரனை எடுத்து ஊத ஆரம்பித்துவிட்டது.