கம்பி வளையம்

நாகலூர் பஸ்ஸை அன்றைக்கும் விட்டார்.
செம்போத்து வலம் போகட்டும் என்று
மிளகுக் கொடி ஓரம் நின்றார்.
அது பறக்கவே இல்லை.
தரையில் நடந்து
நேராகப் புதருக்குள் போய்விட்டது.

செவ்வாய்ப்பேட்டை அடகுக்கடையில்
என் தோடும் குண்டும் ஒரு காகித உறையில்.
உறை இரும்புப் பெட்டிக்குள்.
பெட்டிக்கு முன்னால்
"வெள்ளையா, வட்டி?" என்கிற குரல்.

இரும்பை அறுக்கும் வேர் ஒன்று உண்டாம்.
செம்போத்துக்கு மட்டும் இடம் தெரியுமாம்.
குஞ்சின் காலில் கம்பி கட்டினால்
தேடிக் கொண்டுவந்து கூட்டில் வைக்குமாம்.
லாரி ஷெட்டில் யாரோ சொன்னது.
யாரோ சொன்னால் உடனே நம்புவார்,
நான் சொன்னால் யோசிப்பார்.

மூங்கில் புதரில், இடுப்பு உயரத்தில்,
கூளத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு கூடு.
பக்கவாட்டில் வாசல்.
உள்ளே மூன்று குஞ்சுகள்,
கரித்துண்டில் வெள்ளை நூல் ஒட்டினது போல.
நடுக்குஞ்சின் காலில்
நாற்றுக்குச் சீட்டுக் கட்டுகிற கம்பியை
மூன்று சுற்றுச் சுற்றினார்.
மெதுவாகத்தான். அதையும் சொல்ல வேண்டும்.

ஒன்பது நாள், பழம் பறிக்கப் போகும்போது நானும் எட்டிப் பார்த்தேன்.
தாயா தகப்பனா தெரியவில்லை,
இரண்டுக்கும் ஒரே செங்கல் நிறச் சட்டை.
நத்தை வந்தது. ஓணான் வந்தது.
ஒருமுறை வால் துடிக்கத் துடிக்கப் பாம்புக்குட்டி.
வேர் வரவில்லை.

பத்தாம் நாள் கூடு காலி.
வளையம் மட்டும் கிடந்தது,
முறுக்கு அவிழாமல், அறுபடாமல், முழுசாக.

கால் சூம்பி உருவிக்கொண்டதோ,
கீரி வந்ததோ.
"வேர் வேலை செஞ்சிருக்கு" என்றார்.
அப்படியென்றால் கம்பி அறுந்திருக்குமே
என்று நான் கேட்கவில்லை.

கூட்டைச் சாக்கில் கட்டி ஓடைக்குக் கொண்டுபோனார்.
தண்ணீரை எதிர்த்து ஏறும் குச்சிதான் அந்த வேராம்.
ஒவ்வொன்றாக விட்டார்.
எல்லாம் கிளியூர் அருவிக்கு நேரமாகிவிட்டதுபோல் ஓடின.
ஒன்று நின்றது.
திரும்பியது.
ஒரு முழம் மேலே வந்தது.
இவர் மூச்சு விடவில்லை.
நானும், மறைப்பானேன்,
கையில் பிழியாத துணியோடு நின்றேன்.

பாறைக்குப் பின்னால் சுழல்.
குச்சி இரண்டு வட்டம் போட்டுவிட்டு
மற்றதோடு போய்ச் சேர்ந்தது.

அந்த மாத வட்டிக்கு என் கூலி போனது.
வளையத்தை எறிய மனசில்லை,
கோழிக்கூண்டுக் கொண்டியில் கோத்திருக்கிறேன்.

மூங்கில் பக்கம் மறுபடியும் ஊப், ஊப் என்கிறது.
சோற்றில் கை வைத்தபடி
இவர் தலையைத் திருப்புகிறார்.
செம்போத்துக்கு முட்டை என்றால் உயிர்.
நான் எழுந்து போய்
கொண்டியை இன்னொரு முறை இழுத்துப் பார்க்கிறேன்.