முதல் எழுபத்தையாயிரம்

றொஷாந்தி ஸ்கூட்டியைக் கோழிக்கூட்டோட சாத்திவிட்டு
ஹெல்மெட்டைக் கழற்றாமலே தொடங்கினாள்:
"அக்கா, வவுனிக்குளத்தை நினையுங்கோ.
செலவு தண்ணி மாதிரி ஏறுது, ஏறுது.
வருசத்தில எழுபத்தையாயிரம் மட்டும் உங்கட பாடு.
அதுக்கு மேல வான் பாய்ஞ்சால்
பாயிறதெல்லாம் கொம்பனி."

முழுக்காப்பு மாதம் நாலாயிரத்து அறுநூறு.
இது ஆயிரத்து எழுநூறு.
மகளின்ர கொப்பிப் பின்மட்டையில கழிச்சுப் பார்த்தன்:
மிச்சம் இரண்டாயிரத்துத் தொளாயிரம்.
"அதைத் தின்னாதேங்கோ" எண்டாள்.
"வருத்தத்துக்கெண்டு தனிக் கணக்கில போடுங்கோ."

எழுபத்தையாயிரம் சேர
இருபத்தாறு மாதம்.
அதுவரைக்கும் இந்த வீட்டில
ஒருத்தருக்கும் வருத்தம் வர அனுமதியில்லை.

ஆஸ்பத்திரி இலவசம்தானே எண்டார் குணாளன்.
இலவசம்தான்.
ஸ்கான் மெசின் பழுதான நாளில
முன்வீதியில பிரைவேற்காரன்
லைற் போட்டுக்கொண்டு இருக்கிறான்.

படிவத்தில ஒரு கேள்வி:
உடம்பில ஏற்கெனவே ஏதும் உண்டோ?
அவற்ற இடது தோளுக்குள்ள இருக்கிறதை
நோயெண்டு எழுதுறதோ இரும்பெண்டு எழுதுறதோ
றொஷாந்திக்குத் தெரியேல்ல.
போன் எடுத்துக் கேட்டாள்.
அந்தப் பக்கம் ஆரோ கனநேரம் யோசிச்சு,
தோளை விட்டிட்டு
மிச்ச ஆளை எடுப்பம் எண்டு சொல்லிச்சினம்.

தையில கூட்டுறவு வங்கியில கணக்குத் திறந்தன்.
யதுசிகா புத்தகத்துக்கு உறை போட்டு
முத்து முத்தாய் எழுதினாள்: வருத்தம்.
காசாளர் ஒவ்வொரு மாதமும்
வரிசைக்கே கேட்கிற மாதிரிக் கேட்பார்,
"வருத்தத்தில எவ்வளவு போடுறியள்?"

ஆவணியில நீரிறைக்கிற மெசின் நிண்டுபோச்சு.
குணாளன் ஒண்டும் கேட்கேல்ல.
புத்தகம் இருக்கிற அலுமாரியைப் பார்த்துக்கொண்டு
சோத்தைப் பிசைஞ்சார்.
நானும் பருப்பை விட்டுக்கொண்டே இருந்தன்.
மெசின் காத்திருந்தது. கத்தரி காத்திருக்கேல்ல.

மார்கழி.
முழங்கால் சேற்றில நிண்ட மனுசன்
கண் சிவந்து, கெண்டைக்கால் வலிச்சு,
மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில.
எலிக்காய்ச்சல்.
மல்லாவியில இருந்து கிளிநொச்சி,
அங்கயிருந்து இரவோட யாழ்ப்பாணம்.
பதினாறு நாள்.

துண்டுகளைச் சோப்புப் பெட்டியில போட்டு வைச்சிருந்தன்.
எல்லாமாய் அறுபத்தெண்ணாயிரத்து முன்னூற்று ஐம்பது.
கொம்பனி வான் வாடகையைக் கழிச்சுது,
நான் படுத்த அறையைக் கழிச்சுது,
இடியப்பத்தையும் கழிச்சுது.
அவையின்ர கணக்கில
நாற்பத்தோராயிரத்து இருநூறுதான் வருத்தம்.
குளம் பாதிக்குக் கொஞ்சம் மேல.
ஒரு சதமும் வரேல்ல.

றொஷாந்தி வந்தாள்.
இந்தமுறை ஹெல்மெட்டைக் கழற்றி
மடியில வைச்சுக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள்.
ஏசுவனெண்டு நினைச்சிருப்பாள்.

பிள்ளை, நாலு வருசத்துக்கு முந்தி
இவருக்குக் குடல்வால் வெட்டினபோது
குழுக்கடன் நாற்பதாயிரம் எடுத்தன்.
அறுபத்தோராயிரமாய்க் கட்டி முடிச்சன்.
செவ்வாய்க்கிழமை விடியவே
கேற்றடியில நிக்கிற பொடியனுக்கு
நான் வீட்டில இல்லையெண்டு
என்ர மகள் பொய் சொல்லப் பழகினாள்.

இந்தமுறை புத்தகத்தில இருந்தது
முப்பத்தோராயிரத்துத் தொளாயிரம்.
மிச்சத்துக்குச் சீட்டைக் கழிவோட எடுத்தன், நட்டம்தான்.
எண்டாலும் ஒரு செவ்வாய்க்கிழமையும்
ஒருத்தரும் கேற்றடியில இல்லை.

உன்ர உவமை பிழை பிள்ளை.
நீ செலவைத் தண்ணியெண்டாய்.
எனக்குத் தண்ணி எண்டால்
நான் கட்டி வைச்சது.
வான் பாயுற கதை கொம்பனிக்கு.
எனக்குத் துலுசு திறக்கத் தெரிஞ்சால் காணும்.

ஆயிரத்து எழுநூறையும் விடேல்ல.
இன்னுமொரு மார்கழியில
எழுபத்தையாயிரத்தைத் தாண்டிப் போகிற ஒண்டு
எந்த வரம்பில படுத்திருக்குதோ.

இண்டைக்குத் தை இரண்டாம் கிழமை.
வங்கியில எனக்கு முன்னால ஏழு பேர்.
குணாளன் வெளியில மதிலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்,
சேட்டுக்குள்ள இன்னொரு ஆள் நுழையலாம்.
காசாளர் கண்ணாடிக்கு மேலால பார்த்துக் கேட்கிறார்.
"வருத்தத்திலதான்" எண்டன்.
"ஆரம்பத்தில இருந்து."